கட்டு லாத்தா வாங்கித் தந்த முதலுதவிப் படி

கட்டு லாத்தா கையில் அகப்பட்டு, உடம்பில் ஒரு கட்டு இல்லாமல் வீடு திரும்பிய மனிதர் சைகோனில் கிடையாது. இப்போது ஹோ சி மின் நகரம் என்று பேர். எங்கள் வாய்க்கு இன்னும் சைகோன்தான். மனிதர் என்றா சொன்னேன்? சேவல், பூனை, மோட்டார் சைக்கிளின் விரிசல் விட்ட கண்ணாடி, காற்றில் ஒடிந்த முருங்கைக் கிளை என்று எல்லாவற்றுக்கும் அவர் கட்டுப் போட்டிருக்கிறார். முருங்கை பிழைத்துக்கொண்டது. சேவலைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கட்டோடு ஓடியது, பிறகு யார் வீட்டுச் சட்டியில் விழுந்ததோ.

எங்கள் காரைக்கால் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். இவர் என் கூடப் பிறந்தவரல்ல. என் வாப்பாவுக்கும் அவர் வாப்பாவுக்கும் பென்தான் என்ற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த ஜவுளிக்கடை. ஆட்சி மாறிய பிறகு கடைகள் போயின. பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் உம்மா வியட்நாம்காரி, அதனால் தங்கிவிட்டோம். நான் சின்ன வயதில் காரைக்காலில் சின்னாப்பா வீட்டிலிருந்து ஐந்தாவது வரை படித்தேன். எழுத்துக்கூட்டத் தெரிந்தது அப்படித்தான்.

அந்த நாளில் லாத்தாவுக்குக் கிடைத்த வேலை, ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைப்பது. பஞ்சுக்கும் துணிக்கும் தட்டுப்பாடான வருஷங்கள். ஒருவருக்குப் போட்ட கட்டை அலசி, கொதிக்கவைத்து, காயவைத்து, சுருட்டி, மறுபடி வார்டுக்குக் கொடுக்க வேண்டும். "நான் சுருட்டின துணிய அவுத்து விட்டா, அதப் புடிச்சிக்கிட்டே ஹனோய் போயித் திரும்பி வரலாம்" என்பார். மற்ற பெண்களுக்கு அது வேலை. லாத்தாவுக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. கைப்பையில் பவுடர், சீப்பு, பணம் எதுவும் இருக்காது. பழைய கைலிச் சாரத்தைக் கிழித்து இஸ்திரி போட்டுச் சுருட்டிய கட்டுகள் மட்டும் இருக்கும்.

கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் மணப்பெண் பக்கம் உட்காருவார்கள். லாத்தா பிரியாணி தேக்சா பக்கம் உட்காருவார். யாருக்காவது சூடு படாதா என்று அப்படி ஒரு எதிர்பார்ப்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை படியில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டார். லாத்தா போட்ட கட்டின் பருமனில், நிக்காஹ் போட்டோவில் முதலில் தெரிவது அந்த விரல்தான். மாப்பிள்ளை பின்னால் எங்கேயோ இருப்பார்.

வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு நாங்கள் இருவரும் ஒரே வேலையில் சேர்ந்தோம். பூ மி ஹங் பக்கம் சதுப்பு நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பி, வெளிநாட்டுக் குடும்பங்கள் வந்து நிறைந்த காலம் அது. மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விடுவார்கள். கூட வந்த வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் வேண்டும். கான் ஹொய்யில் ஒரு கிடங்குக்கு மேல் மாடியில் இருந்த கம்பெனி ஒன்று எங்களைப் போன்ற பெண்களை அனுப்பிவைக்கும். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் பதினோராவது மாடியில் ஒரு செட்டியாரிடம் அனுப்பினார்கள். காரைக்குடியில் பேங்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாத்தாவுக்கு அதே கட்டடத்தில் நாலாவது மாடி, ஒரு கொரியக் கிழவியம்மா. இவருக்குக் கொரிய மொழி தெரியாது, அந்தம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது. காலையில் போனதும் லாத்தா அந்தம்மா முழங்காலுக்கு ஒரு கட்டுப் போடுவார். அந்தம்மா குனிந்து கும்பிடுவார். பிறகு இருவரும் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கம்பெனி எங்களுக்கு முதலுதவிப் பாடம் நடத்தியது. மூச்சுத் திணறினால் என்ன செய்வது, சுட்டுக்கொண்டால் மீன் சாறும் பற்பசையும் பூசாமல் தண்ணீரில் எப்படிப் பிடிப்பது, விழுந்தவரை எப்படித் தூக்காமல் இருப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை. லாத்தாவின் முறை முடிந்தபோது பொம்மையின் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. வாத்தியார் அதை அவிழ்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எல்லோரும் தேறினோம். நான் தேறியது எனக்கே அதிசயம். பொம்மையைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் படி விஷயம் வெளியே வந்தது.

கம்பெனி ஆபீஸில் ஒரு முதலுதவிப் பெட்டி உண்டு. அதன் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் இருப்பான். பில் எழுதுவது அவன் வேலை, கூடுதல் வேலையாக முதலுதவிக்காரன். வியட்நாமியன். பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது இருக்கும். லாத்தா அவனுக்குப் பெட்டித் தம்பி என்று பேர் வைத்திருந்தார். நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சின்னப் புட்டியில் வரும் பச்சை எண்ணெய். தலைவலிக்கும் அதுதான், கால் சுளுக்குக்கும் அதுதான், பூரான் கடிக்கும் அதுதான். ஒருநாள் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குப் புது சீட் போட்டிருப்பதைக் காட்டி, முதலுதவிப் படியில் வாங்கியது என்று வெகுளியாகச் சொல்லிவிட்டான். முதலுதவி பார்ப்பதற்கென்று மாதாமாதம் சம்பளத்தோடு தனியாக வருகிறதாம்.

லாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதன் காம்பிலும் பிளாஸ்திரிக் கட்டு. நேரே முதலாளியம்மா அறைக்குப் போனார். அந்தம்மாவை எல்லோரும் மேடம் என்போம். நான் லாத்தா முதுகுக்குப் பின்னால் நின்றேன். பேசியதெல்லாம் வியட்நாமிய மொழியில்தான், நம் பேச்சில் எழுதுகிறேன்.

"நாங்களும் பாடம் படிச்சோம், தேறினோம். அந்தப் படி எங்களுக்கு ஏன் இல்ல?"

மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். ஒரு வேலை இடத்துக்கு ஒரு ஆளைத்தான் நியமிப்பார்களாம். எங்கள் வேலை இடம் இந்த ஆபீஸாம். அதற்குத்தான் அவன் இருக்கிறானாம்.

"நாங்க எங்கே மேடம் ஆபீஸ்ல ஈக்கிறோம்? வீட்டுல ஈக்கிறோம். அங்கே ஒருத்தர் விழுந்தா?"

"நியமிச்ச ஆளக் கூப்பிடுங்க. அதுதான் விதி" என்று சொல்லிவிட்டு மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில், லாத்தா முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தேத் புத்தாண்டுப் பெருநாளுக்குப் பணம் வைத்துக் கொடுப்பார்களே அந்தச் சிவப்பு உறை ஒன்றை நீட்டினார். உங்களுக்கு மட்டும், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

லாத்தா வாங்கவில்லை. "கொடுத்த கை நாளைக்கு மறந்துடும் மேடம். சம்பளத்துல எழுதிப் போடுங்க, எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்குப் பயம். வேலை போய்விட்டால் இந்த வயதில் சந்தையில் கூடை தூக்கவும் முடியாது. லாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏன் லாத்தா சிரிக்கிறீங்க?"

"நியமிச்ச ஆளக் கூப்புடச் சொன்னாங்க புள்ளே. கூப்புட்டுடுவோம்."

மறுநாளே எல்லாப் பெண்களுக்கும் சொல்லிவிட்டார். மூச்சு, ரத்தம், நெருப்பு இந்த மூன்றுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் கை வைக்க வேண்டும். அதில் விளையாட்டுக் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஆபீஸுக்குப் போன் செய்து, நியமிக்கப்பட்ட முதலுதவிக்காரரை அனுப்பச் சொல்ல வேண்டும். நம் கை நீளக்கூடாது, விதி.

முதல் போன் லாத்தாவுடையது. கொரியக் கிழவியம்மா பட்டன் தைக்கும்போது ஊசி குத்திவிட்டது. பெட்டித் தம்பி பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு, கான் ஹொய்யிலிருந்து கால்வாய்ப் பாலம் தாண்டி, லாரிகளுக்கு நடுவே நுழைந்து, நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தான். கழுத்துச் சாவியால் பெட்டியைத் திறந்தான். அதற்குள் ஊசி எங்கே குத்தியது என்று அந்தம்மாவுக்கே மறந்துவிட்டது. எல்லா விரலுக்கும் பச்சை எண்ணெய் தடவிவிட்டுப் போனான்.

விஷயம் கேள்விப்பட்ட செட்டியாருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பேங்கில் இருந்த காலத்தில் அவர் சங்கத்து ஆள். "இதுக்கு விதிப்படி வேலைன்னு பேரு ஆத்தா. மொறை தவறாம வேலை பாக்குறது. அதைவிடப் பெரிய அக்குறும்பு ஒலகத்துல இல்ல" என்று எனக்கு விளக்கினார். அன்றைக்கே சவரம் செய்யும்போது தாடையில் சின்னதாகக் கீறிக்கொண்டு வந்து நின்றார். "ம், போன் போடு."

எனக்கு ஆபீஸுக்குப் போன் செய்து பழக்கமே இல்லை. நம்பரை அழுத்துவேன், மணி அடித்ததும் வைத்துவிடுவேன். செட்டியார் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குத் தைரியம் வந்து பேசி முடித்தபோது கீறல் ஆறிவிட்டது. மனிதர் சலிக்காமல் உள்ளே போய் இன்னொரு தடவை சவரம் செய்துகொண்டு வந்தார்.

இப்படி எல்லா வீட்டிலிருந்தும் போன் பறந்தது. கொசுக்கடி, நகச்சுற்று, விக்கல். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கெட்ட கனவு கண்டதற்குக்கூட பெட்டி போனது. மேடம் திணறிப்போவார், படி வந்துவிடும் என்று காத்திருந்தோம்.

வரவில்லை. காரணம், பெட்டித் தம்பிக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. வெயிலில் வந்த பிள்ளையை எந்த வீட்டில் சும்மா அனுப்புவார்கள்? கொரிய வீட்டில் ஊறவைத்த முட்டைக்கோஸும் சோறும். எங்கள் வீட்டில் செட்டியாரே உட்காரவைத்துப் பணியாரம் ஊட்டாத குறை. ஆபீஸில் பில் எழுதுவதைவிட இது சுகம் என்று அவன் விசில் அடித்துக்கொண்டு வந்தான். சட்டைப் பட்டன்கள் இழுத்துக்கொண்டு நின்றன. போன் வராத நாளில் அவனே கூப்பிட்டு, எல்லோரும் நலமா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று ஏக்கமாகக் கேட்டான்.

"எதிராளிக்கு எலை போட்டுட்டு வேலைநிறுத்தம் பண்ணுன சங்கத்த நான் பாத்ததில்ல" என்றார் செட்டியார்.

"நீங்கதானே சேட்டு, பணியாரம் கூட ரெண்டு வச்சீங்க" என்றார் லாத்தா. செட்டியாரை அவர் சேட்டு என்றுதான் கூப்பிடுவார். "இனிமே யாரும் ஒரு டம்ளர் தண்ணிக்கு மேல கொடுக்கப்படாது. கூப்புடுறதும் தனித்தனியா கூப்புடப்படாது. ஒரே நேரத்துல கூப்புடணும்."

அதற்கு லாத்தா பார்த்த நாள், மழை நாள். அங்கே மழையோடு ஆற்றில் கடல் ஏற்றமும் சேர்ந்தால் தண்ணீர் தெருவுக்கு வந்து, வண்டிச் சக்கரம் பாதி மூழ்கிவிடும். மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம், நானும் செட்டியாரும் நாலாவது மாடிக்கு இறங்கி லாத்தாவோடு இருந்தோம். எல்லா வீட்டிலிருந்தும் ஆபீஸுக்கு மணி அடித்தது. நானும் அடித்தேன். இந்தத் தடவை வைக்கவில்லை. எல்லோருக்கும் நியமிக்கப்பட்டவர் உடனே வேண்டும். மேடமே போனை எடுத்தார், குரல் உயர்ந்திருந்தது. வருகிறான், வருகிறான் என்றார்.

வந்தான். எங்கள் கட்டட வாசல் வரைக்கும் வந்தான். தண்ணீருக்குள் இருந்த வேகத்தடை அவனுக்குத் தெரியவில்லை. வண்டி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். காவல்காரர் ஓடிவந்து மணியை அடித்துச் சொன்னதும் லாத்தா முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கொரியம்மாவின் மருமகள் அன்று வீட்டில் இருந்ததால் அப்படியே இறங்கி ஓடினார். நான் செட்டியாரை விட்டுப் போக முடியாமல் தயங்கினேன். அவர் எனக்கு முன்னால் லிப்டில் ஏறிவிட்டார்.

பெட்டித் தம்பி நடைபாதை ஓரத்தில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். முன்கை வளைந்திருந்தது. முகம் வெளுத்துப்போய், பச்சை எண்ணெய், பச்சை எண்ணெய் என்று முனகினான். "வாய மூடு தம்பி" என்று லாத்தா பக்கத்தில் முழங்கால் போட்டார். கையை நிமிர்த்தப் பார்க்கவில்லை, இருந்தபடியே தாங்கிப் பிடித்தார். செட்டியார் கக்கத்தில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையை வாங்கி, கைக்கு அணைப்பாக வளைத்து வைத்தார். அதன் மேல் கட்டு. கழுத்தோடு சேர்த்துத் தூளி. லாத்தாவின் விரல்கள் போன வேகத்தில் எனக்குத் துணி மட்டும்தான் தெரிந்தது. செட்டியார் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, எல்லோருக்குமாகக் குடை பிடித்தார். காவல்காரர் டாக்சி பிடிக்கப் போனார்.

கடைசி முடிச்சு விழும் நேரத்தில் லாத்தாவின் போன் அடித்தது. மேடம். கை ஈரம் என்று நான்தான் அமுக்கி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து அவர் தோளருகே பிடித்தேன்.

வியட்நாமியர் அவரைச் சி பாங் என்பார்கள். கட்டு அக்கா என்று அர்த்தம்.

"சி பாங், அவன் அங்கே விழுந்துட்டானாம். கை ஒடஞ்சிருக்கும்னு காவல்காரர் சொல்றார். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, போய்ப் பாருங்க."

லாத்தா முடிச்சை இறுக்கினார். "நான் எப்படி மேடம் பாக்குறது? நான் நியமிச்ச ஆளு இல்லியே."

"இப்பப் போயா இதப் பேசுறது?"

"விதிப்படி முதலுதவிக்காரரத்தான் கூப்புடணும். கூப்புட்டோம் மேடம். அவருதான் கீழே கெடக்கிறாரு."

மேடம் பக்கத்தில் வேறு போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. விக்கல் வீடும் நகச்சுற்று வீடும் விடவில்லை.

"சரி. உங்கள நியமிக்கிறேன்."

லாத்தா வாயைத் திறப்பதற்குள் பெட்டித் தம்பி நல்ல கையால் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சொன்னான். "எல்லாரையும். எல்லாரையும் சொல்லச் சொல்லுங்க."

"என்னை மட்டுமா மேடம்?"

"பாடத்துல தேறின எல்லாரையும்."

"படியோட?"

"படியோட."

"சம்பளத்துல எழுதியா, உறையிலயா?"

"எழுதித் தர்றேன். இப்பவாவது போயி அவனுக்குக் கட்டுப் போடுங்க."

"போட்டாச்சு மேடம்" என்றார் லாத்தா.

நான் தமிழில் சொன்னதும் செட்டியார் குடையைக் கீழே போட்டுவிட்டார். நாலாவது மாடிப் பால்கனியில் கொரியக் கிழவியம்மா என்ன நடந்தது என்று தெரியாமலே கைதட்டினார். டாக்சியில் ஏற்றும்போது பெட்டித் தம்பி, ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இந்தக் கட்டை அவிழ்ப்பாரா என்று கவலையாகக் கேட்டான்.

மேடம் கோபக்காரர், ஆனால் சொல் தவறாதவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எல்லோரும் ஆபீஸுக்கு வந்து, தன் கண் முன்னால் கட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். சரியாகப் போட்டவருக்குப் படி. ரப்பர் பொம்மை அன்றைக்குக் கிடைக்கவில்லை. அதற்கென்ன என்று லாத்தா மேஜை மேல் ஏறிப் படுத்துவிட்டார்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தலைக்கு ஒருத்தி, கணுக்காலுக்கு ஒருத்தி, முழங்காலுக்கு, தோளுக்கு, விலாவுக்கு. தாடைக்கு ஒருத்தி போட்டதும் லாத்தாவால் பேச முடியவில்லை. அந்த ஆபீஸில் அப்படி ஓர் அமைதி இருந்ததே இல்லை. மேடம்கூடக் கொஞ்சம் ரசித்த மாதிரி இருந்தது. தூளியோடு வந்திருந்த பெட்டித் தம்பி ஒவ்வொரு கட்டையும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். ஒவ்வொருத்திக்கும் மேடம், சரி, சரி என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் கடைசி. எல்லோரும் பார்க்கிறார்கள், படியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அப்போது லாத்தா இடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினார். யாரையும் தொடவிடாமல் அந்தக் கையை மட்டும் வைத்திருந்திருக்கிறார். பேசத்தான் முடியாது, கண்ணால் வா என்றார்.

போனேன். உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டைச் சுற்றி, விரல்களை விட்டுவிட்டு, மெதுவாகப் போட்டேன். சுற்றிலும் யார் நின்றார்கள் என்று தெரியவில்லை. முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது மேடம், "இவங்களும் சரி" என்றார். பெண்கள் போட்ட கூச்சலில் கீழே கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள் மேலே ஓடிவந்துவிட்டார்கள். அடுத்த சம்பளத்தில் எல்லோருக்கும் படி வந்தது, எழுத்தில், தனி வரியில். நாங்கள் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் அது நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் மற்றக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு லாத்தா என்னோடு பஸ் ஏறினார். இடது கைக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, கையில் என்ன அடி, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள்.

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. இது என் தங்கச்சி போட்டது" என்றார் லாத்தா. எங்கள் வீட்டு நிறுத்தம் வரும் வரைக்கும் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.